பிள்ளையார் சுழி இல்லாத நான்கு பட்டியல்கள்

எஞ்சினை அணைத்த பிறகும் என் காது அணையாது. வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தால், ஐந்து நிமிடத்தில் மறுபடி எழுந்து போய்க் குனிந்து பார்ப்பேன். ஏதாவது சொட்டுகிறதா, ஏதாவது கருகுகிறதா. மனைவி சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அது எங்கயும் ஓடிப் போயிடாது, வந்து சாப்பிடுங்க" என்பாள். சாப்பிடும்போதும் என் தலைக்குள் இரண்டாவது கியரின் முனகல்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டே இருக்கை உள்ள பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். கரும்பச்சை நிறம், துணிக்கூரை. விளக்கைப் போட்டால் முன்னால் இரண்டு மூடிகள் தவளைக் கண்ணாக எழும்பும். என் மகனைவிட நான்கு வயது மூத்தது. மகன் ஜொகூருக்கு வேலைக்குப் போன வருஷம் அதை வாங்கினேன். வீட்டில் சத்தம் குறைந்துபோன வருஷம் அது. எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. "இனிமே நமக்கு ரெண்டு சீட்டு போதும்லா" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

கோயில் வாசலில் நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத் திரும்பிய அன்றே அவள் ஒரு நிபந்தனையும் போட்டாள். பெட்ரோலைத் தவிர இந்தக் கார் வருஷத்துக்கு நாலாயிரம் வெள்ளிக்கு மேல் தின்னக் கூடாது. டிசம்பர் மாதம் அடுத்த வருஷத்துச் செலவை எழுதி அவளிடம் கொடுக்க வேண்டும். நாலாயிரத்தைத் தாண்டினால் காரை விற்றுவிட வேண்டும். நான் உடனே தலையாட்டினேன். வாங்கிய புதிதில் யார் என்ன சொன்னாலும் தலையாட்டியிருப்பேன்.

காரைப் பார்ப்பவன் என் பள்ளிக்கூடக் கூட்டாளி. செமோர் பக்கத்தில் ஒரு பழைய தோட்டத்தில், அந்தக் காலத்தில் ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போட்ட கட்டடத்தைத்தான் பட்டறையாக்கியிருக்கிறான். ரப்பர் மரமெல்லாம் போய் செம்பனை வந்து, செம்பனையும் பாதி போய் வீடமைப்பு வந்துவிட்டது. சுவரில் மட்டும் அந்தப் புகை வாசம் இன்னும் விடவில்லை. வாசலில் பழைய கார்கள், விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்கும் தோட்டத்து ஆட்களைப் போல வரிசையாக நிற்கும். முதல் டிசம்பரில் என் பட்டியலைக் கொண்டுபோய் அவனிடம் காட்டினேன்.

இன்சூரன்சும் ரோட் டேக்ஸும் சேர்ந்து ஆயிரத்து முந்நூறு. வருஷத்தில் மூன்று தடவை எண்ணெய், ஃபில்டர், எழுநூற்று ஐம்பது. டைமிங் பெல்ட்டும் தண்ணீர் பம்பும் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ஐந்தால் வகுத்தால் முந்நூறு. டயரை மூன்றால் வகுத்து நானூற்று எழுபது. பிரேக் முந்நூற்று ஐம்பது. புஷ், ஹோஸ் என்று ரப்பர் சாமான்களுக்கு எண்ணூறு. கூட்டினால் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது. முப்பது வெள்ளி மிச்சம் என்று எனக்கு ஒரே பெருமை.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு படித்தான். காரை அவன் காடி என்றுதான் சொல்வான்.

"மச்சான், ரப்பருக்கு எண்ணூறு பத்தாது. கூரைத் துணிக்கு ஒண்ணுமே காணோம். அதெல்லாம்கூட இருக்கட்டும். இந்த வயசுக் காடிக்கு லிஸ்டுக்கு அடியில 'தெரியாதது'ன்னு ஒரு வரி போடணும்லா. அந்த வரி இல்லன்னா இது பொய் லிஸ்ட்."

"எவ்வளவு போடுறது?"

"ரெண்டாயிரத்து ஐநூறு போடு. கொறையாது."

வீட்டுக்கு வந்து உள்ளது உள்ளபடி இன்னொரு பட்டியல் எழுதினேன். பிரேக் அறுநூறு, ரப்பர் ஆயிரத்து இருநூறு, கூரைக்கு நானூறு, தெரியாதது இரண்டாயிரத்து ஐநூறு. மொத்தம் ஏழாயிரத்து ஐந்நூற்று இருபது. அந்தத் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். பழைய கணக்கையே ஒரு நல்ல தாளில் திரும்ப எழுத உட்கார்ந்தேன்.

எழுதத் தொடங்கும்போது கை தானாகத் தாளின் உச்சிக்குப் போனது. பாசாருக்குப் போய் மீன் வாங்க எழுதும் துண்டுத் தாளிலும் பிள்ளையார் சுழி போடாமல் நான் எழுதியதில்லை. அப்பா காலத்திலிருந்து வந்த பழக்கம். ஆனால் அன்று பேனா அங்கேயே நின்றுவிட்டது. பொய் சொல்வது என்று முடிவாகிவிட்டது. அதற்குப் பிள்ளையாரை வேறு எதற்குக் கூட்டு சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. சுழி போடாமல் எழுதிக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, "சரி" என்று மேசை டிராயருக்குள் வைத்துக்கொண்டாள். அடுத்த மூன்று டிசம்பர்களிலும் அதே மாதிரிதான் நடந்தது.

மீதிப் பணத்துக்கு வழியையும் கண்டுபிடித்திருந்தேன். ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு இரட்டைச் சம்பளம். ஆட்கள் பெயர் கொடுக்கத் தயங்குவார்கள். நான் முதல் ஆளாகக் கொடுத்தேன். வீட்டில், "ஆள் பத்தலன்னு கம்பெனில கூப்பிடுறாங்க, என்ன செய்யிறது" என்று முகத்தைத் தொங்கப்போட்டுச் சொன்னேன். அவளுக்கு அந்த நிர்வாகத்தின் மேல் அப்படி ஒரு கோபம். அவர்களைத் திட்டிக்கொண்டே எனக்குச் சோறு கட்டிக் கொடுப்பாள்.

அந்தக் காசு போன இடங்களை நினைத்தால் இப்போதும் உட்கார முடியாமல் எழுந்துவிடுகிறேன். ஒரு விளக்கு மூடி எழும்பவே மாட்டேன் என்றது. அதன் மோட்டாருக்காக, பாதியாக வெட்டி ஜப்பானிலிருந்து வரும் கார்களைப் பிரித்து விற்கும் கடைகளில் மூன்று வாரம் அலைந்தேன். ரேடியேட்டர் போனது. கூரையில் மழை ஒழுகியது. ஒன்றைச் சரிசெய்து முடிப்பதற்குள் இன்னொரு சத்தம் கேட்கும். சனிக்கிழமை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போவேன். அப்போதும் சாலையைப் பார்த்ததைவிட எஞ்சின் சூடு காட்டும் முள்ளைப் பார்த்ததுதான் அதிகம். வாங்கிய புதிதில் ஞாயிறு மாலைகளில் நாங்கள் இருவரும் கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து காஜா ஊர் வரை போய் வந்தோம். அவள் தலையில் துணி கட்டிக்கொண்டு பாட்டு முணுமுணுப்பாள். அது எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை.

போன டிசம்பரில் தொழிற்சாலையில் அறிவிப்பு ஒட்டினார்கள். ஜனவரியிலிருந்து ஞாயிறு வேலை கிடையாது. மற்றவர்கள் கை தட்டினார்கள். எனக்குப் பகீரென்றது.

இரண்டே வழி இருந்தது. நாலு வருஷமாகப் பொய் எழுதினேன் என்று மனைவியிடம் சொல்லி ஏழாயிரத்து ஐந்நூறு கேட்பது ஒன்று. இல்லையென்றால் காரை விற்பது. முதலாவதற்கு எனக்குத் தைரியமில்லை. இரண்டாவதற்கு மனமில்லை. ஒரு வாரம் வீட்டுக்குள் குட்டி போட்ட பூனையாகச் சுற்றினேன்.

ஈப்போவில் நான் சனிக்கிழமை தேநீர் குடிக்கும் சாப்பாட்டுக் கடையின் முதலாளி ஒரு பாய். முப்பத்தைந்து வயது இருக்கும். நான் காரை நிறுத்தும்போதெல்லாம் கல்லாவை விட்டு எழுந்து வந்து பார்ப்பார். விற்பதாக இருந்தால் தனக்குத்தான் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். அந்தச் சனிக்கிழமை பட்டும் படாமலும் பேச்சை எடுத்தேன். அவர் குதிக்கவில்லை. வியாபாரி அல்லவா.

"வாங்குற விலைய அப்பறம் பேசுவோம் அண்ணே. வச்சிருக்கிற விலை எவ்வளவு? வருஷத்துக்கு என்ன புடிக்கும்னு எழுதிக் கொண்டாங்க. நாளைக்குக் காலைல முடிச்சிரலாம்."

அன்று பிற்பகல் சமையலறை மேசையில் உட்கார்ந்து முழுக் கணக்கையும் எழுதினேன். வாங்குபவரை ஏமாற்றக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. ஏழாயிரத்து ஐந்நூற்று இருபதைப் பார்த்தால் மனிதர் பயந்து ஓடிவிடுவார் என்ற ஆசை மீதிப் பாதி. தேநீர் போட எழுந்தேன். திரும்பி வந்தபோது அந்தத் தாள் மனைவியின் கையில் இருந்தது.

"இது நெசக் கணக்கா?" என்றாள்.

"பாய் கேட்டாரு. சும்மா ஒரு உத்தேசமா..."

அவள் டிராயரைத் திறந்து பழைய பட்டியல்கள் நான்கையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். ஐந்தாவதாக இன்றைய தாளை வைத்தாள். அதன் உச்சியில், நான் போட்டதே எனக்குத் தெரியாமல், பிள்ளையார் சுழி இருந்தது.

"மொத வருசம் மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். ரெண்டாவது வருசமும் இல்ல. மீன் லிஸ்டுக்கே சுழி போடுற ஆளு நீங்க. அப்பவே தெரியும்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க இன்னொரு பொய் சொல்லணும். வேணாம்னு விட்டேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். பள்ளி அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை. கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"வருசத்துக்கு மூவாயிரத்து ஐநூறு கூட வந்திருக்கு. கடன் வாங்கினீங்களா?"

"இல்ல. ஓவர்டைம்."

"ஞாயித்துக்கெழமை வேலையா? அது கம்பெனில கூப்பிட்டாங்கன்னுல்ல சொன்னீங்க?"

"நானாத்தான் பேரு கொடுத்தேன்."

கணக்குப் பொய் என்று அவளுக்கு நாலு வருஷமாகத் தெரியும். இது தெரியாது. அவள் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. கோபம் வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எழுந்து சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியிடம் போனாள். நான் வேலைக்குப் போகும் ஞாயிறுகளில் அவள் சிறு பெருக்கல் குறி போட்டு வைப்பது வழக்கம். மதியம் ஒரு ஆளுக்கு உலை வைத்தால் போதும் என்பதற்காக. ஜனவரியிலிருந்து விரலால் எண்ணிக்கொண்டே தாள்களைப் புரட்டினாள். திரும்பி வந்து என் பேனாவை எடுத்து, 'தெரியாதது - 2,500' என்ற வரிக்குக் கீழே எழுதினாள்.

ஞாயிறு - 31.

"இது ஒரு வருசத்துக்கு" என்றாள். "பழைய நாள்காட்டிய எல்லாம் தூக்கிப் போட்டுட்டேன்."

"வித்துடறேன்" என்றேன்.

"நான் விக்கச் சொல்லல. நாலாயிரம்னு சொன்னது காசுக்காகவும் இல்ல. ஒண்ணப் புடிச்சா அதுக்குள்ளயே போயிடுவீங்க, ஒரு வேலி இருக்கட்டும்னுதான் சொன்னேன்."

மறுநாள் காலை பாய் கடைக்குக் கிளம்பினேன், அவளும் கூட வந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு பக்கத்து இருக்கையில் ஆள். கூரையைத் திறந்தேன். இரண்டாவது கியர் முனகியது. "நீங்க ராவும் பகலும் சொல்ற சத்தம் இதுதானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எனக்குக் கண் எரிந்தது. வெயிலைக் காரணம் சொல்ல முடியாது, மேகமூட்டமாக இருந்தது.

பாய் தாளை வாங்கி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். ஏழாயிரத்துக்கு அவர் பயந்த மாதிரி தெரியவில்லை. கடைசி வரியில் விரல் நின்றது.

"இதென்ன அண்ணே, ஞாயிறு முப்பத்தொண்ணு?"

நான் வாய் திறப்பதற்குள் மனைவி சொன்னாள், "அது நாங்க கட்டினது தம்பி. நீங்களும் கட்டணும்னு இல்ல."

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தலையைத் திருப்பிக் கூட்டம் நிறைந்த தன் கடையையும் பார்த்தார். "எனக்கு ஞாயிறே கெடையாதுக்கா" என்றார். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை. விலையில் மட்டும் ஆயிரத்து ஐந்நூறு குறைத்தார். நான் பேரம் பேசவில்லை. முன்பணத்தைக் கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். பெயர் மாற்றத்துக்குத் திங்கட்கிழமை போவது என்று முடிவானது. சாவியைக் கொடுத்தேன். பட்டியலையும் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அவருக்கு ஓட்டிப் பார்க்க அவசரம். "வாங்க அண்ணே, ரெண்டு பேரையும் வீட்டுல விட்டுட்டு வாரேன்" என்று கதவைத் திறந்தார். திறந்த பிறகுதான் உள்ளே பார்த்தார். ஓட்டுபவருக்கு ஒரு இருக்கை போனால் மிச்சம் ஒன்றுதான்.

"பரவால்ல, நீங்க போங்க" என்றாள் மனைவி. "நாங்க கொஞ்சம் நடக்கிறோம், அப்பறம் பஸ்ல போயிக்கிறோம்."

கார் சாலையில் ஏறியது. இரண்டாவது கியருக்கு அவர் சீக்கிரம் மாற்றிவிட்டார். இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டு மாற்றினால் முனகாது. கையைத் தூக்கிச் சொல்லப் போனேன். அதற்குள் கார் முனையில் திரும்பிவிட்டது. சத்தம் தேய்ந்து போகும்வரை நின்றேன்.

மணி பத்துகூட ஆகவில்லை. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "எங்க போலாம்?" என்றாள்.

நாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அன்று அவள் கேட்டபோது எனக்கு ஒரு இடமும் தோன்றவில்லை. அவளுக்கு எந்த இடம் பிடிக்கும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அவளிடமே கேட்டேன்.