கேக் அக்காவின் மூன்று வண்டிகள்

ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்ததும் கேக் அக்கா வலது கால் செருப்பை மட்டும் கழற்றிப் பக்கத்து இருக்கைக்குக் கீழே தள்ளி வைக்கிறார். வெறுங்காலை ஆக்சிலரேட்டர் மேல் வைத்து, அழுத்தாமல், கொஞ்ச நேரம் சும்மா இருக்க விடுகிறார். பிறகுதான் கண்ணாடியைத் திருப்பிப் பின்னிருக்கையில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கிறார். "செருப்பு போட்டா காலுக்குக் காது கேக்காது சார்," என்கிறார். ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரிச் சுவர் பின்னால் நழுவுவதைப் பார்த்துத்தான் வண்டி கிளம்பிவிட்டது என்று எனக்குத் தெரிகிறது.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ள வருகிறவர்களை வீட்டிலிருந்து அழைத்து வருவதும், திரும்பக் கொண்டுபோய் விடுவதும் அவர் வேலை. ஐம்பது வயது. இதற்கு முன்னால் பதினேழு வருடம் ஒரு பேக்கரியின் வேனை ஓட்டியிருக்கிறார். மூன்றடுக்குக் கேக்கை, மேலே இருக்கும் சர்க்கரைப் பூ சாயாமல், ஊரின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். அதனால் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குக் கேக் அக்கா என்றுதான் பெயர். பெரிய டாக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். "கேக்குக்கும் பேஷண்டுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான் சார். கேக்கு திட்டாது," என்பார் கேக் அக்கா.

அவரிடம் மூன்று சாவிகள் உண்டு. ஒன்று வயதான பெட்ரோல் கார். இன்னொன்று பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட். மூன்றாவது, புதிதாக வந்த மின்சாரக் கார். எதில் யாரை ஏற்றுவது என்பதை அவரே முடிவு செய்வார். ஏறுகிறவரின் வயிற்றையும் தூக்கத்தையும் பார்த்து.

பெட்ரோல் வண்டி சிக்னலில் நிற்கும்போதுகூட நடுங்கும். மருந்து ஏறிய உடம்புக்கு அந்த நடுக்கமும் வாசனையும் ஆகாது. அதற்காக அவர் அதை ஒதுக்கிவிடவில்லை. படகு இன்ஜின் மெக்கானிக் ஒருவர் வருவார். அவரை ஒருமுறை மின்சாரக் காரில் ஏற்றியபோது பாதி வழியில் எழுந்து உட்கார்ந்து, "ஏம்மா, வண்டியை ஆன் பண்ணு, செத்துப்போயிட்ட மாதிரி இருக்கு," என்று கத்தினாராம். அன்றிலிருந்து அவருக்குப் பெட்ரோல் வண்டி. ஏறி உட்கார்ந்து, கதவில் கன்னத்தைச் சாய்த்து, இன்ஜினின் அதிர்வைத் தாடையில் வாங்கிக்கொண்டு குறட்டை விடுவார்.

ஹைபிரிட் தூரத்து ஊர்க்காரர்களுக்கு. "எல்லாரும் இதை ரெண்டுங்கெட்டான்னு சொல்றாங்க. எனக்கு இது ரெண்டும் தெரிஞ்சது," என்பார். அதில் ஒரே ஒரு சங்கடம். பேட்டரியில் பூனைபோலப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று இன்ஜின் விழித்துக்கொண்டு உறுமும். தூங்குகிறவர் திடுக்கிட்டு எழுவார். கேக் அக்கா அதற்கும் வழி வைத்திருக்கிறார். பக்கத்தில் ஒரு லாரி வரும்வரை காலைத் தளர்த்தியே வைத்திருப்பார். லாரி கடக்கும் நொடியில் மெல்ல அழுத்துவார். இரைச்சலோடு இரைச்சலாக இன்ஜின் எழுந்துகொள்ளும். பின்னால் ஒரு இமைகூட அசையாது.

மின்சாரக் காரில் ஏறிய முதல் வாரம் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். பெடலிலிருந்து காலை எடுத்தவுடன் வண்டி தானாகவே வேகத்தை இழுத்துப் பிடிப்பதுதான் காரணம் என்று அவரே கண்டுபிடித்தார். ஒரு டம்ளர் தண்ணீரை இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் தாங்கியில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் காலியான சாலைகளில் ஓட்டிப் பழகினார். தண்ணீர் கண்ணாடிபோல நிற்கும்வரை விடவில்லை. சத்தமில்லாத வண்டி பின்னால் வருவது தெரியாமல் ஆஸ்பத்திரி வாசலில் ஜனங்கள் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். ஹாரன் அடிக்க மாட்டார். ஜன்னலை இறக்கி, "வந்துக்கிட்டே இருக்கேன்... வந்துக்கிட்டே இருக்கேன்..." என்று தாலாட்டு மாதிரி சொல்லிக்கொண்டு ஊர்ந்து வருவார்.

லிஃப்ட் பழுது பார்க்கும் அவர் வீட்டுக்காரருக்கு மின்சாரக் காரில் நம்பிக்கை இல்லை. "எட்டு வருஷத்துல பேட்டரி செத்துரும், பாரு," என்றாராம். "எட்டு வருஷத்துல நீங்க மட்டும் புதுசா இருப்பீங்களாக்கும்," என்று கேக் அக்கா கேட்டிருக்கிறார்.

என் மனைவி கணக்கு டீச்சர். அவள் சிகிச்சைக்காக ஆறு மாதம் இந்த வண்டியில் போய் வந்தோம். ஏறிச் சாய்ந்ததும் அவள் கண்கள் செருகிவிடும். மரங்கள் ஜன்னலில் ஒழுகிப்போகும். வெயிலும் நிழலும் அவள் நெற்றியில் மாறி மாறி வந்து தடவும். வண்டி ஓடுகிறதா, தெருதான் எங்களுக்கு அடியில் ஓடுகிறதா என்று எனக்கே சில சமயம் மயக்கமாக இருக்கும்.

நான்காவது மாதம், ஒரு காலையில், அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. மருந்தினால் இரத்த அணுக்கள் குறைந்திருக்கும்போது காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன் செய்தேன். ஹைபிரிட் வெளியூர் போயிருந்தது. பெட்ரோல் வண்டியின் வாசனை அவளுக்கு ஆகாது. கேக் அக்கா மின்சாரக் காரில் வந்தார். காலையிலேயே இரண்டு சவாரி போய் வந்த வண்டி. எங்கள் வாசலில் நின்றபோது சார்ஜ் பதினொரு சதவீதம். வந்த வழியே திரும்பிப் போக ஐந்து போதும்.

ஆனால் பாலத்தை அடைத்திருந்தார்கள். நடுவில் ஒரு டேங்கர் கவிழ்ந்து கிடந்தது. மிச்சம் இருந்தது மலைப்பாதை ஒன்றுதான்.

"டீச்சர், மலையேறித்தான் போகணும். சார்ஜ் கம்மியா இருக்கு. ஆனா பத்தும்னு நினைக்கிறேன்," என்றார். பொய் சொல்ல அவருக்கு வராது.

"பெட்ரோல் வண்டியை எடுத்துட்டு வந்திருக்கலாம்ல!" என்று நான் கத்தினேன். என் மடியில் அவள் தலை அடுப்பாகக் கனன்றது.

"எடுத்திருக்கலாம் சார்," என்றார். அவ்வளவுதான். குரல் உயரவில்லை.

ஏசியை நிறுத்தினார். மலை ஏறத் தொடங்கியதும் பஞ்சுப்பொதி போல மூடுபனி வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. இன்ஜின் முனகல்கூட இல்லாத ஏற்றம். டயர்கள் ஈரத்தைக் கிழிக்கும் மெல்லிய ஓசையும் அவள் மூச்சும் மட்டும். எண் குறைந்துகொண்டே வந்தது. எட்டு. ஏழு. ஐந்து. அவர் வெறுங்கால் பெடலின் மேல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. உச்சிக்கு வந்தபோது நான்கு. முன்னால் ஒரு எச்சரிக்கை விளக்கு மஞ்சளாக எரிந்தது.

அங்கிருந்து இறக்கம். அவர் காலை முழுவதுமாக எடுத்துவிட்டார். வண்டி ஒரு பெருமூச்சு விட்டதுபோல இருந்தது. மூடுபனியிலிருந்து வெயிலுக்குள் வழுக்கி இறங்கினோம்.

"டீச்சர், கண்ணு முழிச்சிருக்கீங்களா? முன்னாடி நம்பரைப் பாருங்க."

அவள் என் மடியிலிருந்து தலையைக் கொஞ்சம் தூக்கினாள். நான்கு, ஐந்தாகியிருந்தது.

"எப்படி?" என்றாள். வகுப்பில் விடை தவறாக வரும்போது கேட்கும் அதே குரல்.

"இறக்கத்துல சக்கரம் சுத்துறதே பேட்டரிக்குப் போயிடும். பெட்ரோல் வண்டியில போனது போனதுதான், மலையை விட்டு எப்படி இறங்குனாலும் பெட்ரோல் முள்ளு திரும்பாது. இதுல முழுசா வராது. கொஞ்சம் வரும்."

இரண்டு வளைவு கழித்து ஆறு. என் மனைவி உதடு காய்ந்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல எண்ணினாள்: "நாலு... அஞ்சு... ஆறு." மூன்று மாதமாக இரத்தப் பரிசோதனைத் தாளில் எண்கள் இறங்குவதை மட்டுமே பார்த்து வந்தவள். "மேல போற நம்பரைப் பார்த்து எத்தனை நாளாச்சுங்க," என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அப்போதும் விரல்கள் என் உள்ளங்கையில் ஆறு, ஆறு என்று தட்டிக்கொண்டே இருந்தன.

சமதளத்தில் இரண்டு செலவாகி, ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது நான்கு மிச்சம் இருந்தது. உடனே ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

நான் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். கேக் அக்கா அதற்குள் வண்டிகளைக் கவனிக்கும் அதிகாரியிடம் தானாகவே போய்த் தன்மேல் புகார் சொல்லியிருந்தார். சாவி மாட்டும் பலகைக்கு மேலே அவர் கையெழுத்தில் புதிதாக ஒரு தாள்: 'சார்ஜ் முப்பதுக்குக் கீழே இருந்தால் மின்சார வண்டியை எடுக்காதே. யாராக இருந்தாலும்.' "யாராக இருந்தாலும்னா யாரு?" என்று கேட்டேன். "வேற யாரு, நான்தான்," என்றார்.

அடுத்த ஆண்டு பழைய பெட்ரோல் காரை மாற்றப்போகிறார்கள். எந்த வகை வாங்கலாம், எது நல்ல வண்டி என்று அதிகாரி அவரைக் கேட்டபோது நானும் அங்கே நின்றிருந்தேன். "யாரு ஏறப் போறாங்கன்னு சொல்லுங்க, எந்த வண்டின்னு சொல்றேன்," என்றார். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டார்.

கடைசி மருந்து ஏற்றிய நாள், மதியம், மின்சாரக் காரில் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தோம். பெட்ரோல் வண்டியாக இருந்தால் இன்ஜினை நிறுத்தியதும் அந்த அமைதியே அவளை எழுப்பிவிட்டிருக்கும். இதில் ஓடுவதற்கும் நிற்பதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவள் தூங்கிக்கொண்டே இருந்தாள். எழுப்பலாமா என்று நான் கையை நீட்டினேன். கேக் அக்கா வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் திறந்து இறங்கினார்.

பின் ஜன்னல் வழியாக வெயில் அவள் கன்னத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் சுற்றி வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றார். அவருடைய நிழல் அவள் முகத்தின்மேல் விழுந்தது. ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை. சுடுகிற சிமெண்டுத் தரையில் அந்தக் காலைத் தூக்கி மறுகால்மேல் வைத்துக்கொண்டார். வெயில் நகர நகர, அவரும் சாண் சாணாக நகர்ந்துகொண்டிருந்தார்.