திறக்காத பாட்டில் மீது விழுந்த பழி

எங்கள் அம்மாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் நல்லவிதமாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார் பெரியப்பா. அம்மாவைப் பற்றி எழுத நல்லது மட்டுமே இருக்கிறது. மற்றவர்களைப் பற்றித்தான் அப்படி எழுத முடியவில்லை.

அம்மா வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு விவசாயக் கூலி வீட்டில் பிறந்தார். நாரணாபுரத்தில் வாழ்க்கைப்பட்டார். நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா மஞ்சள் காமாலையில் இறந்தார். அதன்பின் அம்மாவின் பட்டாசுக் கம்பெனி வேலைதான் எங்களுக்குச் சோறு போட்டது. வெடிமருந்துத் தூசியில் மூச்சிரைப்பு வந்ததும் அதுவும் நின்றது. அடுத்த தெருவிலிருந்த பெரியப்பா வீட்டிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

வந்தவர், கம்பெனியில் அம்மாவோடு வேலை பார்த்த பேச்சியம்மாள். அதற்கு முன் வெளியூரில் பழச்சாறு கம்பெனியில் இருந்தவர். தக்காளி மலிந்து கிடந்த சமயம், ஒரு கூடையோடு வந்து எங்கள் அடுப்படியில் உட்கார்ந்தார். தக்காளியைக் கெட்டுப்போகாமல் பாட்டிலில் அடைக்கக் கற்றுக்கொடுத்தார். கண்ணாடி பாட்டிலைக் கொதிக்கவைத்து எடுத்து, சுண்டக் காய்ச்சிய தக்காளியில் எலுமிச்சைச் சாறு சேர்த்துச் சூடாக ஊற்றி, மூடி போட்டு, மறுபடியும் தண்ணீரில் மூழ்கவைத்துக் கொதிக்கவிட வேண்டும். ஆறியதும் தகர மூடியின் நடுப்பகுதி உள்வாங்கியிருந்தால் காற்றுப் புகாமல் அடைபட்டது என்று பொருள்.

முதல் தடவை அம்மா பாட்டில் வாயைத் துடைக்காமல் மூடிவிட்டார். மூடி உள்வாங்கவில்லை. பேச்சியம்மாள் அவ்வளவையும் கொட்டினார்.

“இம்புட்டுத் தக்காளியும் வீணாப் போச்சே மதினி” என்றார் அம்மா.

“போகட்டும். தின்னவுக ஆஸ்பத்திரிக்குப் போனா என்ன பதில் சொல்லுவ? திரும்பப் போடு புள்ள.”

அம்மா கோபத்தோடே அடுத்ததைப் போட்டார். அதன் மூடி உள்வாங்கியது. சில மாதங்களில் கம்பெனிக்குப் போகும் பெண்கள் வாசலுக்கே வந்து வாங்கிப் போனார்கள்.

பெரியப்பா மகளின் சடங்குக்கு அம்மா ஒரு பெட்டி நிறையத் தக்காளி பாட்டில்களைக் கொடுத்தனுப்பினார். அன்று பந்தியில் சாப்பிட்ட பலருக்கு வாந்தி. மறுநாள் பெரியம்மா எங்கள் வாசலில் நின்று தெருவே கேட்கப் பேசினார்.

“தாலியறுத்தவ கைபட்ட சாமான் நல்ல காரியத்துக்கு ஆகுமா? எம் புள்ள விசேசத்தையே கெடுத்துட்டா.”

அம்மாவுக்கு மூச்சிரைத்தது. கூட இருந்த பேச்சியம்மாள் நேரே பெரியப்பா வீட்டுச் சாமான் அறைக்குள் போய், அந்தப் பெட்டியைத் தூக்கிவந்து, பின்னாலேயே வந்த கூட்டத்தின் முன் அவர்கள் வாசலில் வைத்தார்.

“எல்லாரும் பாத்துக்கோங்க. ஒரு மூடி கூடத் தொறக்கல. இவுக இதப் பந்தியில வைக்கவே இல்ல. வைக்காத சாமானு எப்படி வாந்தி எடுக்க வைக்கும்? நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி.”

பெரியப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கைம்பெண் கொடுத்தது என்று ஒதுக்கி வைத்தவர்கள், பழியை மட்டும் அம்மா தலையில் போட்டார்கள். தவறு என்று ஒரு சொல் இன்றுவரை வரவில்லை.

அந்தப் பழி ஒட்டிக்கொண்டதில் தெருவில் வியாபாரம் படுத்தது. இருக்கன்குடிச் சாலையில் கடை வைத்திருந்த ஒருவர் பாட்டில்களை வாங்கி விற்றுக்கொடுத்தார். அதில்தான் நான் நர்சிங் படித்தேன்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தவர் பேச்சியம்மாள். பெரியம்மா, உடல் வீட்டுக்கு வந்தபின் வந்தார். எல்லோரையும்விட உரக்க அழுதார்.

நன்றி சொல்லும் இடத்தில் தம் குடும்பத்தின் பெயர் முதலில் வர வேண்டும் என்றார் பெரியப்பா. வராது. என் நன்றி பேச்சியம்மாள் அவர்களுக்கும், அந்தக் கடைக்காரருக்கும், அம்மாவிடம் நம்பி வாங்கிய பெண்களுக்கும் உரியது. மற்றவர்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அம்மா படத்தின் முன் அழ மட்டும் வேண்டாம்.

— மகள்