அட்டையில் ஊர் வராத கதை

யுத்த காலத்தில் திருகோணமலை நகரில் ஒரு சின்னக் கணினி நிலையத்தில் ஜாவா என்ற கணினி மொழியைப் படிப்பித்தேன். மாணவர்களுக்கு இரண்டு பாடம் முன்னால் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தேன் என்பதே சரி. சோதனைச் சாவடிகளில் காட்ட எல்லோருக்கும் நிலையத்தின் அட்டை தேவைப்பட்டது. பெரிய ஆள் போல, நானே புரோகிராம் எழுதி அடித்துத் தருகிறேன் என்றேன்.

ஜாவாவில் கிளாஸ் என்பது ஒரு வார்ப்பு அச்சு மாதிரி. 'மாணவர்' என்று ஒரு தாய் கிளாஸ் எழுதினேன். நகரத்து ஆட்களுக்கு அது போதும். ஊர் என்ற இடத்தில் திருகோணமலை என்று போட்டுவிடும். அதிலிருந்து பிறந்த 'வெளியூர் மாணவர்' என்ற பிள்ளை கிளாஸ், அவரவர் ஊரைப் போடவேண்டும். நகருக்குள்ளேயே லிங்கநகரில் இருந்த என் பெயரில் ஓர் அட்டை அடித்துப் பார்த்தேன். அழகாக வந்தது. மிச்சத்தைப் பார்க்காமலே லமினேட் செய்து கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள், நகருக்கு வெளியே தோப்பூரிலிருந்து படிக்க வரும் பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் இரண்டு மணித்தியாலம் பிந்தி வந்து, அட்டையை என் மேசையில் வைத்தார்.

"சேர், இதில ஊர் 'நல்' எண்டு கிடக்கு. சாவடியில மறிச்சு, நல் எங்க இருக்கெண்டு கேட்டாங்க. நான் என்னத்தச் சொல்ல? தேசிய அடையாள அட்டையைக் காட்டித்தான் தப்பி வந்தனான்."

இந்த இடத்தில் இன்னும் ஒன்றும் வைக்கப்படவில்லை என்பதை ஜாவா ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்லும். பிழை என் பக்கம்தான் என்று விளங்கியது. ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"படிவத்தில ஊரை வடிவா எழுதினீங்களா, டீச்சர்?"

"ஓம் சேர். நீங்கதானே பாத்து அடிச்சீங்க."

வைரஸ் என்றேன். பிறகு மின்வெட்டு என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு கணினியின் முன்னால் உட்கார்ந்தார். எது எப்போது நடக்கிறது என்று திரையில் தெரியும்படி அங்கங்கே ஒரு வரி சேர்த்து ஓட்டினார்.

"பாருங்க சேர். தாய்தான் முதல்ல ஓடுது. அதுக்குள்ளயே அட்டையை எழுதச் சொல்லி வச்சிருக்கீங்க. பிள்ளைக்கு ஊர் கிடைக்கிறது அதுக்குப் பிறகுதான்."

இந்த வரிசையைப் போன மாதம் நான்தான் பலகையில் எழுதிப் படிப்பித்திருந்தேன். அவருடைய கொப்பியில் அது சிவப்பு மையால் கோடிட்டு இருந்தது. என் தலையில்தான் இல்லை.

தாய்க்குள் இருந்த அட்டை வேலையை வெளியே எடுத்து, பிள்ளையும் முழுதாக உருவான பிறகு ஓடவிட்டோம். ஊர் என்ற இடத்தில் தோப்பூர் வந்தது. அன்று பின்னேரமே வெளியூர் ஆட்கள் எல்லோருடைய அட்டையையும் மாற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் பாடத்தில், "நீங்க கண்டுபிடிக்கிறீங்களோ எண்டு பாக்கத்தான் அந்தப் பிழையை விட்டனான்" என்றேன். அந்த ஆசிரியை மிகுந்த மரியாதையோடு "ஓம் சேர்" என்றார்.