நனைத்துக் கொடுத்த துவாய்

மாத்தளையில் பிரிட்ஜ் பெட்டி திருத்துவதில் எனக்கு நிகர் யாருமில்லை என்று அந்தக் காலத்தில் உறுதியாக நம்பினேன். நம்பியவன் நான் ஒருவன்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். உக்குவளையில் யாழ்ப்பாணத்து டொக்டரம்மா ஒருவர் கணவரோடு வாடகை வீட்டில் இருந்தார். கணவர் நில அளவையாளர். சரிவில் விழுந்து தொடை எலும்பு முறிந்து, நெஞ்சிலிருந்து முழங்கால்வரை மாவுக்கட்டோடு ஜன்னலோரம் படுத்திருந்தார். சித்திரை வெயில் வேறு. கட்டுக்குள் வியர்த்து முதுகு புண்ணாகிவிடும் என்று டொக்டரம்மாவுக்குப் பயம். கொழும்பிலிருந்த அவருடைய தம்பி தான் பாவித்த ஏசியை லொறியில் அனுப்பிவைத்தார். அதைச் சுவரில் பூட்டப் போனவன் நான்.

பூட்டினேன், குளிர்ந்தது. ஸ்பானர் சாவிகளைப் பையில் போட்டுக்கொண்டு அப்போதே கிளம்பியிருக்கலாம். ரிமோட்டில் சூரியன் படம் போட்ட பட்டன் ஒன்று கண்ணில் பட்டுத் தொலைத்தது.

"சேர், இது சாதாரண மெசின் இல்லைங்க. வெளிநாட்டுக் குளிருக்கு சூடும் குடுக்கும், பாருங்க" என்று அமுக்கினேன்.

வெளியே 'டக்' என்று ஒரு சத்தம். அறைக்குள் அனல் அடித்தது. திரும்பக் குளிருக்கு மாற்றினேன். அனல்தான் வந்தது.

வெளிப்பெட்டியைத் திறந்தேன். காஸ் ஓடும் திசையை மாற்ற அதற்குள் ஒரு வால்வு இருக்கும். ஒரு பக்கம் ஒரு குழாய், மறுபக்கம் மூன்று. அதை நகர்த்தும் காந்தக் கொயிலில் ஸ்குரூட்ரைவரை வைத்துப் பார்த்தேன். கரண்ட் வரும்போது இழுத்தது, நின்றதும் விட்டது. கொயில் பழுதில்லை. குழாய்களைத் தொட்டுப் பார்த்ததில் திசை மாறவேயில்லை. பலகாலம் அசையாமல் கிடந்த வால்வு நான் அமுக்கியதும் ஒரு தரம் நகர்ந்து அங்கேயே இறுகிவிட்டது. மரப்பிடியால் தட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

"வால்வு போயிருச்சுங்க. மாத்தணும்" என்றேன், நான் செய்த வேலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாதவன்போல.

கொழும்புக்குப் போய் வால்வை வாங்கினேன். "உள்ளே நைலோன் இருக்கு. ஈரத்துணி சுத்திட்டு வெல்ட் பண்ணுங்க" என்றார் கடைக்காரர். வரும் வழியில் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். நாலு குழாய் நீட்டிக்கொண்டிருந்த சாமானை மேசையில் வைத்துவிட்டுச் சிப்பாய் மூன்றடி தள்ளி நின்றான். அது சூட்டைக் குளிராக்கும், குளிரைச் சூடாக்கும் என்று என் சிங்களம் முழுவதையும் செலவழித்து விளக்கினேன். விளக்க விளக்க அவன் இன்னும் தள்ளிப் போனான். மாலைவரை உட்கார வைத்தார்கள். இருட்டிய பிறகுதான் சாமானோடு விட்டார்கள்.

அடுத்த நாள் ஜன்னலுக்கு வெளியே நின்று வேலையைத் தொடங்கினேன். படுத்திருந்தவரிடம் கடைக்காரர் புத்தி சொன்ன கதையைச் சொல்லிச் சிரித்தேன். அவர் மனைவியைக் கூப்பிட்டு ஒரு துவாயை நனைத்துக் கொடுக்கச் சொன்னார்.

"பதினைஞ்சு வருஷமா வெல்ட் பண்றேங்க. எனக்கு எதுக்கு?" என்று அதைக் கொடியில் போட்டேன்.

வால்வு சிவக்கச் சிவக்க ஒட்டினேன். காஸ் ஏற்றிப் போட்டபோது குளிரும் வரவில்லை, சூடும் வரவில்லை. உள்ளே நைலோன் உருகிவிட்டது.

"கடைக்காரன் பழுதானதைக் குடுத்திட்டான்" என்றேன்.  டொக்டர் கணவரின் தோளுக்குக் கீழே, கட்டின் விளிம்புக்குள் விரலை விட்டுப் பார்த்தார். தோல் சிவந்திருந்தது. 

"இன்னொரு வால்வு கொண்டாறேங்க. ரெண்டே நாள்."

கட்டுக்குள் கிடந்தவர் கூரையைப் பார்த்தபடி கேட்டார்: "தம்பி, உந்த வால்வு என்னத்துக்கு?"

"சூட்டுக்கும் குளிருக்கும் மாத்தறதுக்குங்க."

"உக்குவளையில ஆர் சூடு கேட்டது? அதைக் கழட்டிப்போட்டு, குளிர் வாற பக்கத்துக்குக் குழாயை நேராப் பொருத்தேலாதோ?"

முடியும். இரண்டு செப்புக் குழாய்த் துண்டு போதும். பிரிட்ஜில் அப்படித்தான் இருக்கிறது. பதினைந்து வருடம் பார்த்த வேலை அது.

ஒரு மணி நேரத்தில் ஒட்டி முடித்தேன். காற்று வந்தது. குளிர்ந்த காற்று. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 

பையைக் கட்டிக்கொண்டு படியிறங்கும்போது டொக்டர் பின்னால் வந்தார். கையில் அதே துவாய், நீர் சொட்டச் சொட்ட.

"இவர் குடுக்கச் சொன்னவர்" என்றார். "நீங்கள் அடுத்து வேலைக்குப் போற வீட்டில தேவைப்படுமாம்."