வெள்ளை, ஒண்ணு தான்

என் வீட்டில் படிக்காத புத்தகங்கள் ஓர் அறையைப் பிடித்துக்கொண்டுவிட்டன. வருகிறவர்கள் "இதெல்லாம் படிச்சாச்சா?" என்று கேட்டால் என்னை முந்திக்கொண்டு என் மனைவி பதில் சொல்லிவிடுகிறாள்: "இது அவங்க அம்மா வழியில வந்த சீக்கு." மறுக்க வழியில்லை. அம்மா துணி வாங்கினாள். நான் புத்தகம் வாங்குகிறேன். துணியையாவது குளிருக்குப் போர்த்திக்கொள்ளலாம்.

நான் ஐந்தாவது படித்தபோது நாங்கள் மண்ணூர்பேட்டையில், அம்பத்தூர் எஸ்டேட்டின் சைரன் வீட்டுக்குள்ளேயே ஊதுவது போலக் கேட்கும் ஒரு தெருவில் இருந்தோம். எஸ்டேட்டில் சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனிகள் இருந்தன. அங்கே மிஞ்சுகிற துணியெல்லாம் எங்கள் தெருமுனைக் கடையில் வந்து இறங்கும். மலையடிவாரத்தில் குடியிருப்பவன் வீட்டுக்குள் வெள்ளம் வருவது போல, அது அங்கிருந்து எங்கள் வீட்டுக்குள் வந்தது.

அம்மா மூன்று மாதம் தையல் வகுப்புக்குப் போனவள். நேராகத் தைக்க அவளுக்குப் பிரமாதமாக வரும். வளைவு வந்தால் மனம் தளர்ந்துவிடும். ஆகவே கழுத்தும் அக்குளும் இல்லாத எல்லாவற்றுக்கும் உடை தைத்தாள். டிவிக்கு உறை, மிக்சிக்கு உறை, பெட்டிக்கு உறை. கேஸ் சிலிண்டர் பாவாடை கட்டிக்கொண்டு நின்றது. எந்தக் குளிர்தேசத்துக்கோ போயிருக்க வேண்டிய பனிமனிதர்கள் எங்கள் ஜன்னலில் மே மாத வெயிலில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா, ரோஜா நிறக் கரடிக்குட்டிகள் போட்ட பையில் சாப்பாடு எடுத்துக்கொண்டு, ஆயிரம் ஆண்பிள்ளைகள் வேலை பார்க்கிற கம்பெனிக்குப் போய்வந்தார்.

அதுவரைக்கும் பரவாயில்லை. தைக்கிற வேகத்துக்கு வாங்கியிருந்தால் ஒரு குடும்பம் சமாளித்துவிடும். அம்மா தைப்பது மாட்டுவண்டி என்றால் வாங்குவது மின்சார ரயில். கட்டிலுக்கு அடியில், பரணில், அரிசி டிரம்முக்குப் பின்னால், பித்தளை அண்டாவுக்குள் என்று துணி நிரம்பியது. கேட்டால், "இது லாட்டுங்க. இன்னிக்கு விட்டா நாளைக்குக் கெடைக்காது" என்பாள்.

அப்பாவுக்கு வேலை கம்பெனி ஸ்டோர்ஸில். எந்தச் சாமான் எத்தனை இருக்கிறது, எது நகர்கிறது, எது நகராமல் கிடக்கிறது என்று பார்ப்பதுதான் அவருடைய தொழில். அப்படிப்பட்ட மனிதருக்கு இப்படிப்பட்ட வீடு.

"டெட் ஸ்டாக்," என்பார், பரணைப் பார்த்து. "இதுல எதை, எப்போ தைக்கப்போற?"

"எல்லாம் மனசுக்குள்ள தச்சாச்சுங்க. வெட்ட வேண்டியதுதான் பாக்கி."

ஒரு நாள் கம்பெனி வேலையாக வெளியூர் கிளம்ப அவர் தன் சூட்கேஸைத் திறந்தார். அவருடைய பேன்ட் சட்டைகள் ஒரு மஞ்சள் பைக்கு மாற்றப்பட்டிருந்தன. சூட்கேஸுக்குள் நங்கூரம் போட்ட நீலத்துணி, கழுத்து வரை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் மஞ்சள் பையோடு போனார். திரும்பி வந்ததும் சட்டம் போட்டார்.

"இனிமே என்னைக் கேக்காம நீ ஒரு முழம் துணி வாங்கினே, மிஷின் தங்கச்சி வீட்டுக்குப் போயிடும்."

தங்கச்சி என்றால் பட்டாபிராமில் இருந்த என் அத்தை. சட்டம் போடும்போது அவளும் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள் என்பதுதான் அதில் இருந்த ஆபத்து. அப்பா கோபத்தில் சொன்ன எதையும் மறுநாள் மறந்துவிடுவார். அத்தை சாட்சி இருந்தால் மறக்க முடியாது. அத்தைக்கு அந்த மிஷின் மேல் வெகுநாளாக ஒரு கண். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் ஏறி, பஸ் மாறி, எங்களைப் பார்க்க வருவதாகச் சொல்லிக்கொண்டு வருவாள். வந்ததும் மிஷினைத் தடவிக்கொடுத்து, "இளைச்சுப் போச்சே அண்ணி, எண்ணெய் விடறதில்லையா?" என்று விசாரிப்பாள். அதன் பிறகுதான் என்னை.

அம்மா பயந்துவிட்டாள். அந்தக் கடையைத் தாண்டும்போது முகத்தை எதிர்ப்புறம் திருப்பிக்கொண்டு நடந்தாள். பஸ்ஸில் முன்னால் நிற்கிறவளின் முந்தானையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள், அவள் திரும்பினால், "எங்க எடுத்தீங்க?" என்றாள். மிஷினை மிதிக்கும்போது மட்டும் அம்மா வாய்க்குள் ஏதோ பாடுவாள். வேறு எந்த வேலை செய்யும்போதும் அவள் பாடி நான் கேட்டதில்லை. அத்தை அந்த மிஷினைக் கொண்டுபோனால் பாட்டும் பட்டாபிராம் போய்விடும் என்று நான் நினைத்தேன். பாட்டு அந்த மிஷினுக்குள்தான் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்பது என் நம்பிக்கை.

இப்படி இரண்டு மாதம் போயிருக்கும். பள்ளி ஆண்டுவிழாவில் எனக்கு மேகம் வேஷம் கொடுத்தார்கள். வசனம் கிடையாது, மேடையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு மெதுவாகப் போக வேண்டும். என் நடிப்பாற்றலை டீச்சர் சரியாகத்தான் கணித்திருந்தார். சுத்த வெள்ளைத் துணி வேண்டும், பூ கூடாது, கோடு கூடாது என்றார்.

"வெள்ளை நம்மகிட்ட இல்லையேங்க," என்றாள் அம்மா.

அப்பா நம்பவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பூராவும் பரணில் ஏறி, அண்டாவைக் கவிழ்த்து, தானே ஸ்டாக் எடுத்தார். அன்னாசிப்பழம் இருந்தது, ஒட்டகச்சிவிங்கி இருந்தது, வெள்ளை இல்லை. வியர்த்துப்போய் இறங்கி வந்து, ஒரே ஒரு மீட்டருக்கு அனுமதி கொடுத்தார்.

மறுநாள் காலை என்னைக் கடைக்கு அனுப்பத் தயார் செய்த அம்மா, உடனே அனுப்பவில்லை. பையைக் கையில் கொடுத்து வாசலில் நிற்க வைத்தாள். அப்பா குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே வெளியே வந்தார். அப்போதுதான் சொன்னாள்.

"கடையில போயி, வெள்ளை பாப்ளின், ஒண்ணு தான்னு சொல்லு. வேற எதுவும் பேசாத."

"ஆமா," என்றார் அப்பா. "ஒண்ணு தான். நல்லா அழுத்திச் சொல்லு. அந்த ஆளு பேச்சுக் கொடுத்தே தலையில கட்டிடுவான்."

நான் வழியெல்லாம் அழுத்திப் பழகிக்கொண்டே போனேன்.

கடைக்காரர் மண்ணூர்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர். துணிமூட்டை மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளை பாப்ளின். ஒண்ணு தான்," என்றேன்.

அவர் டீயைக் கீழே வைத்தார். "இன்னா நைனா, தானா?"

"தான்."

"யக்கா சொல்லிச்சா?"

"அப்பாவும் சொன்னாரு. அழுத்திச் சொல்லச் சொன்னாரு."

"அண்ணாத்தேவா?" அவர் முகத்தில் ஒரு பக்தி வந்தது. "நல்லா ரோசன பண்ணிச் சொல்லு. தானா?"

"தான் தான்."

"சரி, நீ போ. வெள்ளை, அயுக்காயிடும். நானே எடுத்துக்கினு வரேன்."

ஒரு மீட்டர் துணியை ஒருவர் தானே கொண்டுவந்து தருகிறாரே, மேகத்துக்கு எவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அதற்குள் அத்தை வந்து மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் மொபெட் சத்தம் கேட்டது. கடைக்காரர் ஒரு தொட்டில் பிள்ளையைத் தூக்குவது போல இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு உள்ளே வந்து, கூடத்தில் இறக்கினார். வெட்டாத, பிரிக்காத, மில்லில் மடித்தது மடித்தபடியே ஒரு முழுக்கட்டு வெள்ளைத் துணி.

"என்னது இது?" என்றார் அப்பா.

"நீ கேட்டதுதான் அண்ணாத்தே. வெள்ளை, ஒண்ணு, தான்."

துணிக்கடை பாஷையில் தான் என்றால் முழுக்கட்டு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அப்பாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனியில் இயந்திரம் துடைக்கிற துணி அவருடைய ஸ்டோர்ஸில் தான் தானாகத்தான் வந்து இறங்கும்.

அத்தை எண்ணெய்க் குப்பியை மூடினாள். "அண்ணே, மூலையில மீன்பாடி வண்டி ஒண்ணு நிக்கிது. மிஷின் ஏத்தறதுக்குச் சொல்லிடவா?"

"இரு," என்றார் அப்பா. என் பக்கம் திரும்பினார். "நீ என்னடா சொன்ன?"

"ஒண்ணு தான்னேன். அழுத்தி."

"புள்ள மேல தப்பே இல்ல அண்ணாத்தே," என்றார் கடைக்காரர். "தானா, தானானு மூணு தபா கேட்டேன். உன் பேரைச் சொல்லி அட்சி சொல்லுது. நாலு பேரு கேட்டும் தராம வச்சிருந்த சரக்கு இது. உனக்கோசரம் தூக்கினேன்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையில் உட்கார்ந்து, கட்டின் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.  கூடத்தில் எல்லோரும் மிஷினைப் பார்த்தோம். மிஷின் புது எண்ணெயில் மினுமினுத்தது, கல்யாணத்துக்குத் தயாரானது போல.

"சரக்கு வேணும்னு இன்டென்ட் போட்டது நான்," என்றார் அப்பா கடைசியில். "கேட்டது என்னமோ அதுதான் வந்திருக்கு. இதுல அவ வாங்கினது எங்க?"

"என்னண்ணே, பேச்சு மாறிக்கிட்டே போறே," என்றாள் அத்தை. "அண்ணி மூஞ்சைப் பாரு. தெரியாம வந்த துணியைப் பாக்கற மூஞ்சா அது?"

"சரியா கேட்டு, சரியா வந்த சரக்கைத் திருப்ப முடியாது," என்றார் அப்பா. ஸ்டோர்ஸில் பேசுகிற குரலில் பேசினார். அந்தக் குரலோடு வாதாட எங்கள் குடும்பத்தில் யாரும் பழகியிருக்கவில்லை.

கடைக்காரர் இரண்டாவது டம்ளர் காப்பியும் குடித்துவிட்டுப் போனார். அத்தை சாப்பிட்டுவிட்டுப் போனாள், மிஷின் பக்கம் திரும்பாமல். வாசலில் அம்மா அவளுக்கு அந்த நங்கூரம் போட்ட நீலத்துணியில் நாலு மீட்டர் மடித்துக் கொடுத்தாள். அத்தை கோபமாகத்தான் வாங்கிக்கொண்டாள். ஆனாலும் விரித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொண்டாள்.

மத்தியானம் மேகத்துக்கு வேண்டியதை அம்மா வெட்டி எடுத்தாள். மிச்சம் முழுவதும் பரண் ஏறியது. பிறகு பொழுது சாய்கிற வரை மிஷின் ஓடுகிற சத்தமும் அவள் முனகுகிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, என்னால்தான் அப்பாவுக்கு அவமானம், என்னால்தான் அத்தைக்குக் கோபம் என்று எண்ணி, ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அப்பா பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்தினார்.

"ஏன்டி, ரெண்டே கால் மீட்டர், மூணே முக்கால் மீட்டர்னு புள்ளி வச்சுப் பேசற பொம்பள. இன்னிக்கு மட்டும் மீட்டர்ங்கிற வார்த்தை வாயில வரலையா?"

அம்மா அப்பளத்தை அவர் தட்டில் வைத்தாள்.

"நீங்களும்தானே பக்கத்துல நின்னீங்க. இருபது வருஷமா ஸ்டோர்ஸ் பாக்கறவரு. நீங்க சேத்துச் சொல்லியிருக்கலாமே."

அப்பா அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். முதலில் அப்பாவின் தோள் குலுங்கியது. அப்புறம் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வர, நிறுத்த முடியாமல் சிரித்தார்கள். அப்பாவுக்குப் புரையேறி, அம்மா அவர் தலையில் தட்டி, அப்படியும் சிரிப்பு நிற்கவில்லை.

ஒரு சாதாரண வார்த்தையைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவன் என்று என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, நான் தட்டைத் தள்ளிவிட்டு, அழுதுகொண்டே போய்ப் படுத்தேன்.