பதினாறு சலங்குகளும் பாதி பிரிக்காத புத்தகமும்

நாற்காலி வாங்கி வா என்று அம்மா அனுப்பினார். நான் புத்தகத்தோடு திரும்பினேன்.

1959ஆம் வருஷம். தன் நாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு பிரெஞ்சு என்ஜினீயர் வீட்டுச் சாமான்களை விற்றார். நான் போய்ச் சேருவதற்குள் நாற்காலிகள் எல்லாம் போய்விட்டன. ஜன்னலோரம் கிடந்த புத்தகங்களில் ஒன்றைச் சும்மா புரட்டினேன். வரிசையில் காத்து நிற்பதைப் பற்றி ஒரு மனுஷன் முந்நூறு பக்கம் எழுதியிருந்தான், அதுவும் கணிதத்தில்! எத்தனை பேர் வருவார்கள், எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிடலாமாம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அம்மாவுக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. "இன்னாடா இது? உக்கார நாற்காலி கேட்டா, நிக்கிறதப் பத்தி புக்கு வாங்கியாந்திருக்கே!" என்றார்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. பிரெஞ்சில் கணிதம் படித்தவன் என்ற திமிர் உடம்பு முழுக்க இருந்தது. உப்பளத்துக்குப் பக்கத்தில், கடற்கரையை ஒட்டிய ஒரு படகுக் கம்பெனியில் குமாஸ்தா வேலை. நம் ஊர்க் கரைக்குக் கப்பல் வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சலங்கு என்ற பெரிய படகுகள் அலையைத் தாண்டிப் போய் மூட்டைகளை இறக்கிக் கொண்டுவரும். எங்கள் கம்பெனிக்குப் பதினாறு சலங்குகள் ஓடின. எட்டு வடக்குக் குப்பத்துக்காரர்களுடையவை, எட்டு தெற்குக் குப்பத்துக்காரர்களுடையவை.

அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் புத்தகங்களில் தாள்களின் ஓரம் ஒட்டியபடியே இருக்கும். கத்தியால் பிரித்துப் பிரித்துத்தான் படிக்க வேண்டும். என்ஜினீயர் ஒரு தாளைக்கூடப் பிரித்திருக்கவில்லை. நான் அம்மாவின் காய்கறிக் கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டெலிபோன் நிலையம், ஆலை வாசலில் நிற்கும் லாரிகள் என்று உதாரணங்கள் ஓடின. நான் லாரி என்று இருந்த இடத்திலெல்லாம் சலங்கு என்று மாற்றிப் படித்தேன். அச்சில் வார்த்தது மாதிரி பொருந்தியது. நாலாவது அத்தியாயம் முடிந்ததும், இனி நமக்கு என்ன தெரிய வேண்டியிருக்கிறது என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆபீசில் இதே பேச்சாகத் திரிந்தேன். முதலாளி நம்மூர்க் கிறிஸ்தவர், நல்ல சிரிப்புக்காரர். ஒருநாள் கேட்டார்: "ஏம்பா, எனக்கு எத்தினி சலங்கு வேணும்னு உன் புக்கு சொல்லுமா?"

"பேஷாச் சொல்லும் முசியே," என்றேன். பிரெஞ்சு வாடை அடித்த மனிதர்களையெல்லாம் அப்போது நாங்கள் முசியே என்றுதான் கூப்பிடுவோம்.

மறுநாளிலிருந்து மாடி வராந்தாவில் என் தர்பார். வெயிலுக்கு அப்பாவின் பழைய தொப்பி, ஒரு கையில் கடிகாரம், மறு கையில் நோட்டு. ஒவ்வொரு சலங்கும் கரையை விட்ட நேரம், மூட்டையோடு திரும்பிய நேரம், அதன் பக்கவாட்டில் எழுதியிருந்த எண் எல்லாவற்றையும் குறித்தேன். பத்து நாள், ஒரு தும்மலுக்குக்கூட இடைவெளி விடவில்லை. பிறகு எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்துச் சூத்திரத்தில் போட்டேன். பன்னிரண்டு சலங்கு போதும் என்று வந்தது.

முதலாளி வாயெல்லாம் பல்லாக நின்றார். அடுத்த கப்பலிலிருந்து முறைப் பட்டியலில் கடைசியாக இருந்த நாலு சலங்குகளுக்கு வேலை கிடையாது என்று சொல்லி அனுப்பினார். நாலு சலங்கு என்றால் நாற்பது வீடு. அவர்களிடம் கட்டுமரமோ வலையோ கிடையாது. சலங்கு ஓடினால்தான் சோறு. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அன்று நோட்டில் பன்னிரண்டு என்ற எண் அவ்வளவு அழகாக இருந்தது. மகா மடையன் நான், வேறென்ன சொல்ல.

எங்கள் தெருவில் மீன் விற்கும் அக்கா தெற்குக் குப்பத்துக்காரர். பதினாலாம் நம்பர் சலங்கை நடத்தியது அவர் புருஷன். நிறுத்திய நாலில் அதுவும் ஒன்று. மறுநாள் முதல் அக்கா எங்கள் வீட்டு வாசலில் கூடையை இறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்கு வஞ்சிரம், எதிர் வீட்டுக்குச் சங்கரா, எங்களுக்கு ஒரு முறைப்பு. மூன்று நாள் கத்திரிக்காய்க் குழம்பு சாப்பிட்ட அப்பா, "உன் கணிதத்தை வெச்சு ஒரு மீன் புடிச்சிக் குடுடா பார்ப்போம்," என்றார்.

நாலாம் நாள் காலை நானே தெருவில் இறங்கி வழிமறித்தேன். "அக்கா, எங்க வீட்டுல என்ன தப்பு பண்ணாங்க? கோவம்னா என்னையத் திட்டு."

திட்டச் சொல்லிக் கேட்க வேண்டுமா? கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"ஏன்யா கணக்கு, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா? பந்தயத்துக்கு வாட்சப் புடிச்சிக்கினு நின்னே. பரிசு வரும்னு எங்க ஆளு பத்து நாளா கையெல்லாம் கொப்புளம் வர்ற மாரி துடுப்பு தள்ளுச்சி. கடைசில பரிசு இதுவா? ஊட்டுக்குப் போன்றியே!"

"பந்தயமா? எந்தப் பந்தயம்?"

"இன்னாது, எந்தப் பந்தயமா? வெள்ளக்காரன் இருந்தப்போ திருநாளுக்குத் திருநாளு தொரை தொப்பி போட்டுக்கினு, மாடில வாட்சோட நின்னு படகுப் பந்தயம் வுட மாட்டாரு? அதே மாடி, அதே தொப்பி! வடக்குக் குப்பத்துக்காரன் ஜெயிச்சிடக் கூடாதுன்னு இவுங்க, இவுங்க ஜெயிச்சிடக் கூடாதுன்னு அவுங்க. சோறு திங்கக்கூட கரையில குந்தலியே!"

அட கடவுளே! எனக்குக் காது இரண்டும் சுட்டது. பத்து நாளாக நான் அளந்தது வேலையை அல்ல, போட்டியை. இரண்டு குப்பமும் மானத்துக்காக உயிரைக் கொடுத்துத் தள்ளிய வேகத்தை, தினப்படி வேகம் என்று எழுதிச் சராசரி எடுத்திருக்கிறேன். வருஷம் முழுக்க எவனால் அப்படித் தள்ள முடியும்?

தெருவிலிருந்து அப்படியே ஆபீசுக்கு ஓடினேன். அடுத்த கப்பலுக்கு இரண்டே நாள்தான் இருந்தது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். முதலாளி சிரிக்கவில்லை. "இந்தக் கப்பலுக்குப் பதினாறும் ஓடட்டும். நீ திரும்ப எண்ணு. இந்தத் தடவையும் கோட்டை வுட்டே, அந்த நாலோட உன் சீட்டும் கிழிஞ்சிடும்," என்றார்.

தொப்பியும் வேண்டாம் வராந்தாவும் வேண்டாம் என்று மூட்டைக் கிடங்கில், கதவிடுக்கில் உட்கார்ந்து எண்ணினேன். ஆஹா, என்ன நிதானம்! அலை பார்த்து நிற்கிறார்கள், வெற்றிலை போடுகிறார்கள், கயிற்றை இழுத்துக் கட்டுகிறார்கள். கப்பல் போனபின் கணக்குப் போட்டால் பதினைந்து வந்தது. சரியாகப் பதினைந்து. மூன்று சலங்குக்கு வேலை திரும்பியது; ஒன்று போயே ஆக வேண்டும். அது எந்தச் சலங்காக இருந்தாலும் பத்து வீட்டில் அடுப்பு எரியாது.

வேறு வழி தெரியாமல் புத்தகத்தை எடுத்தேன். ஐந்தாவது அத்தியாயத்தில் கத்தியை வைத்தேன். இரண்டாவது தாளைப் பிரித்ததுமே ஒரு வளைகோடு. வேலை எவ்வளவோ சரியாக அவ்வளவுக்கே ஆள் வைத்தால் வரிசை குறையவே குறையாது, நீண்டுகொண்டே போகும் என்று அந்த மனுஷன் அச்சடித்து வைத்திருந்தான். வருகிறவர்கள் சராசரியைப் பார்த்து வருவதில்லை; ஒருநாள் கும்பலாக வருவார்கள், ஒருநாள் ஈ ஓட்ட வேண்டியிருக்கும். சும்மா இருந்த நேரத்தைச் சேர்த்து வைத்து மறுநாள் செலவழிக்கவும் முடியாது. எனக்குக் கூத்தாட வேண்டும் போலிருந்தது.

முதலாளியிடம் வளைகோட்டைக் காட்டினேன். விளங்கவில்லை. அவருக்குத் தெரிந்த வழியில், சர்ச்சில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்பு வாங்க நிற்கும் வரிசை வழியாகப் போனேன்.

"முசியே, ஈஸ்டருக்கு முந்தின வாரம் பாவசங்கீர்த்தனம் கேட்க ஒரே சாமியார். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருத்தர் வராங்க, ஒருத்தருக்கு அஞ்சு நிமிஷம் ஆவுதுன்னு வெச்சிக்குங்க. கூட்டம் சேருமா?"

"சேராதே. கணக்கு சரியா இருக்குதே."

"ஆனா சேருதே முசியே!"

கொஞ்சம் யோசித்தார். சட்டென்று மேஜையைத் தட்டிச் சிரித்தார். "ஆமாம்பா! ரெண்டு நிமிஷத்துல எழுந்திரிக்கிற புண்ணியவானும் உண்டு, அரை மணி எடுத்துக்கிற ஆளும் உண்டு. அரை மணி ஆளு உள்ள போயிட்டா பின்னாடி நிக்கிறவன் கதி அதோகதிதான். அப்போ இன்னொரு சாமியார் வேணும்ன்றே."

"இன்னொரு சலங்கு வேணும்ன்றேன்."

"பதினாறும் ஓடட்டும். உன் பாவத்தைச் சொல்ல நீ எத்தினி நிமிஷம் எடுத்துக்குவே?"

"இந்த வருஷம் கொஞ்சம் கூடவே ஆகும் முசியே," என்றேன்.

கரைக்கு ஓடிப் போய்ச் சேதியைச் சொன்னேன். இரண்டு குப்பத்து ஆட்களும் ஹோவென்று கத்தினார்கள். மீன்கார அக்காவும் புருஷனும் அங்கேதான் இருந்தார்கள். கூச்சல் அடங்கியதும் அக்கா என் சட்டையைப் பிடித்தார். "அது கெடக்கட்டும் கணக்கு. பந்தயத்துல யாரு ஜெயிச்சாங்க?"

"அது பந்தயமே இல்லக்கா."

"நாங்க தள்ளுனது நெசந்தானே?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

மணலில் உட்கார்ந்து பழைய நோட்டைப் பிரித்தேன். அதுவரை எல்லாவற்றையும் மொத்தமாகத்தான் கூட்டியிருந்தேன். இப்போதுதான் முதல்முறையாகச் சலங்கு சலங்காகப் பிரித்துக் கூட்டினேன். சுற்றிலும் நூற்றைம்பது பேர் மூச்சுவிடாமல் நின்றார்கள். கடைசி எண்ணை எழுதியதும் பென்சில் கையிலேயே நின்றுவிட்டது. இன்னொரு தரம் கூட்டினேன். மாறவில்லை.

"பதினாலாம் நம்பர்," என்றேன்.

தெற்குக் குப்பம் அக்காவின் புருஷனைத் தோளில் தூக்கிவிட்டது. அக்கா மட்டும் தலைக்கு மேலிருந்த புருஷனையும் மண்ணில் உட்கார்ந்திருந்த என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அப்போ ஜெயிச்சவனையா ஊட்டுக்குப் போன்னே?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.