டைப்பிஸ்ட் கையும் வி.ஐ. எடிட்டரும்

எனக்கு அதிலிருந்து வெளியே வரத் தெரியவில்லை. முதல் நாள் நடந்தது இவ்வளவுதான். ஃபைலைத் திறந்தேன், படித்தேன், மூடப் பார்த்தேன், மூடவில்லை. 'குயிட்' என்று தட்டினேன், 'எக்ஸிட்' என்று தட்டினேன். பாதி எழுத்து ஃபைலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. கன்ட்ரோல், ஆல்ட் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் சேர்த்து அமுக்கினேன். பீப் என்று ஒரு சத்தம் வந்தது. கடைசியில் கம்ப்யூட்டரின் பட்டனையே அமுக்கி அணைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கழக்கூட்டத்தில் பஸ் ஏறினேன். மறுநாளும் அதையே செய்தேன். அதற்கு மறுநாளும்.

இரண்டாயிரமாவது ஆண்டு அது. கழக்கூட்டத்தில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் டேட்டா என்ட்ரி ஆப்பரேட்டராக இருந்தேன். எங்கள் அறையில் ஆறு பெண்கள். காலையிலிருந்து மாலை வரை பழைய காகிதங்களைப் பார்த்து டைப் அடிப்போம். ஓணத்தோடு அந்த வேலை முடிகிறது, அதற்குப் பிறகு ஆறு பேருக்கும் சலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்போது பக்கத்து ஹாலில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் டீமில் ஓர் இடம் காலியானது. நான் நேராக அந்த டீம் லீடரிடம் போய் எனக்கு வேண்டும் என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு மாதம் உட்கார்ந்து பார், சர்வரில் ஃபைல் திருத்துகிற வி.ஐ. எடிட்டரில் வேலை செய்யத் தெரிந்துவிட்டால் இருக்கலாம், இல்லாவிட்டால் திரும்ப டைப்பிங் அறைக்கு, என்றார். சரி என்றேன். ஒரு எடிட்டரைப் படிக்க ஒரு மாதம் எதற்கு என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். என் வாய்க்கொழுப்பு அப்படி.

நாலாம் நாள் காலையில் டீம் லீடர் ஹாலின் நடுவில் நின்றுகொண்டு கத்தினார்.

"ஆராணு இது? ஒரே ஃபைல் ஒன்பது தவண திறந்நு வச்சிரிக்குந்நு!"

ஒன்பது தடவை திறந்து வைத்திருந்த புண்ணியவதி நான்தான். மூன்று நாளும், நாளைக்கு மூன்று தடவை பட்டனை அமுக்கியிருந்தேன். நான் அணைத்தது என் முன்னால் இருந்த பெட்டியை மட்டும். எடிட்டர் ஓடிக்கொண்டிருந்தது கண்ணாடி அறைக்குள் இருந்த சர்வரில். நான் வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டுத் தூங்கியபோதும் அது எனக்காகத் திறந்தே காத்திருந்திருக்கிறது. ஹால் முழுவதும் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் வரை சுட்டது. யாரோ ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள்: முதலில் எஸ்கேப், பிறகு முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி. ஒரு கதவைச் சாத்த இத்தனை மந்திரமா என்று எரிச்சலாக வந்தது. "எப்போ சந்தேகம் வந்தாலும் எஸ்கேப் தட்டிக்கோ, ஒண்ணும் ஆகாது" என்று அறிவுரையும் சொன்னார்கள். அந்த அறிவுரைதான் என்னைக் கவிழ்த்தது.

நான் ஹையர் பாஸ் செய்த டைப்பிஸ்ட். கரமனையில் ஒரு மாடி இன்ஸ்டிட்யூட்டில் இரண்டு வருடம் தட்டியிருக்கிறேன். அங்கே காகிதம் இடது பக்கம், கண் காகிதத்தின் மேல், அவ்வளவுதான் சட்டம். கண் கீழே இறங்கினால் டீச்சரின் ஸ்கேல் விரலில் இறங்கும். அடித்தது சரியா என்று பார்ப்பதே மட்டமான டைப்பிஸ்டின் லட்சணம் என்று சொல்லி வளர்த்தார்கள். ஆகவே ஒரு பக்க செட்டிங்ஸைக் கையில் கொடுத்து சர்வர் ஃபைலில் சேர்க்கச் சொன்னபோது, காகிதத்தை இடது பக்கம் வைத்து, திரையை ஏறெடுத்தும் பார்க்காமல் படபடவென்று அடித்துத் தள்ளினேன். நல்ல பிள்ளையாக ஒவ்வொரு வரி முடிவிலும் பத்திரத்துக்கு ஒரு எஸ்கேப்பும் தட்டினேன்.

தலையை நிமிர்த்தியபோது ஃபைல் குடல் கிழிந்து கிடந்தது. விஷயம் இதுதான்: எஸ்கேப் தட்டிவிட்டால் வி.ஐ.யில் எழுத்து எழுத்தாக இருக்காது, கட்டளையாகிவிடும். நான் ஒரு வரியை 'டிபார்ட்மென்ட்' என்று தொடங்கியிருந்தேன். பெரிய டி அங்கே இருந்த வரியின் மிச்சத்தை அழித்தது. இ இன்னொரு சொல்லின் கடைசிக்கு ஓடியது. பி அழித்ததை அங்கே கொண்டுபோய்க் கொட்டியது. ஏ வந்த பிறகுதான் எழுத அனுமதி கிடைத்தது. எனவே திரையில் விழுந்தது வெறும் 'ர்ட்மென்ட்'. முப்பது வரியும் இப்படித் தலை போய் நின்றன. இதில் பெருமை என்னவென்றால், அதை சேவ் வேறு செய்திருந்தேன்.

டீம் லீடர் வந்து பார்த்தார். திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. பரிதாபமாகத் தலையை ஆட்டினார்.

"டைப்பிஸ்டின்றெ கைக்கு இது வழங்ஙில்ல, குட்டீ."

டைப்பிஸ்ட் கைக்கு இது வசப்படாதாம். பழைய காப்பியிலிருந்து ஃபைலை மீட்டுவிட்டு அவர் போய்விட்டார். எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். என் கையைப் பற்றி இவர் என்ன சொல்வது? நான் படித்த ஒரே வித்தை அது. சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடையில் நின்று வேலை செய்த அப்பா ஃபீஸ் கட்டிப் படிக்க வைத்த வித்தை.

பக்கத்து சீட்டில் ஒரு நாகர்கோவில்காரி அக்கா இருந்தாள். என்னைவிட இரண்டு வருடம் சீனியர், நல்லவள். அவள் குனிந்து ரகசியமாகச் சொன்னாள்.

"எதுக்கு பிள்ளே அதுகூடக் கெடந்து மல்லுக்கட்டுக? ஃபைலை நம்ம மெஷினுக்கு இழுத்து, நோட்பேடுல திருத்தி, திரும்ப அனுப்பிரு. நான் அப்பிடித்தான் செய்யுதேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே அக்கா."

"நல்ல வீம்புதான் உனக்கு" என்றாள். ஆமாம், வீம்புதான். அதை வைத்துக்கொண்டுதான் அந்த மாதத்தைக் கடந்தேன்.

முதலில் என் கண்ணைப் பழக்க வேண்டியிருந்தது. காகிதத்தில் ஒரு வரியைப் படிப்பேன், உடனே காகிதத்தைக் குப்புறக் கவிழ்த்துவிடுவேன். இப்போது கண் போக வேறு இடமில்லை, திரையைத்தான் பார்க்க வேண்டும். இன்ஸ்டிட்யூட்டில் கற்றதற்கு நேர் எதிரான சட்டம். முதல் வாரம் வேகம் எறும்பாகிவிட்டது. கிழக்கேகோட்டையிலிருந்து கழக்கூட்டம் வரை பஸ்ஸில் மடியிலிருந்த பையின் மேல் விரலால் தட்டிக்கொண்டே போவேன்: டி இரண்டு முறை, வரி போச்சு; யூ, வரி வந்தாச்சு. பக்கத்தில் உட்கார்ந்த சேச்சிகள் ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்து உட்காருவார்கள். எனக்கும் இடம் தாராளமாகக் கிடைத்தது.

அம்புக்குறி விசைகள் எங்கள் ஹாலில் பாதி மெஷின்களில் வேலை செய்யாது. அமுக்கினால் ஏ, பி, சி என்று எழுத்து விழும். அதற்குப் பதிலாக ஹெச், ஜே, கே, எல் என்ற நாலு எழுத்தால்தான் இடம், கீழ், மேல், வலம் நகர வேண்டும் என்றார்கள். இது என்ன கிறுக்குத்தனம் என்று எல்லோரும் திட்டுவார்கள், நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். ஒரு மத்தியானம் திட்டிக்கொண்டே விசைப்பலகையில் கையை வைத்தேன். வலது கை விரல்கள் தாமாகப் போய் ஜே, கே, எல் மேல் உட்கார்ந்தன. ஹெச் ஆள்காட்டி விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இன்ஸ்டிட்யூட்டில் முதல் நாள் கையைப் பிடித்து வைத்த அதே இடம். கையைத் தூக்கவே வேண்டாம்! விசைகளைத் தேடித் தேடித் தட்டுகிறவனுக்குத்தான் இது கிறுக்குத்தனம். இதைச் செய்தவன் டைப்பிஸ்ட் கையை மனசில் வைத்துத்தான் செய்திருக்கிறான். தனியாக உட்கார்ந்து சத்தமாகவே சிரித்துவிட்டேன். அக்கா திரும்பிப் பார்த்தாள். இரண்டு வாரம் சுமந்த அவமானம் அந்தச் சிரிப்போடு போய்விட்டது என்று நினைக்கிறேன், அதற்குப் பிறகு பயப்படவில்லை.

மாதக் கடைசியில் சோதனை வந்தது. வெளியூர் கஸ்டமர் ஒருவரின் சர்வரில், டெலிஃபோன் லைன் வழியாகப் போய், ஒரு ஃபைலில் ஐம்பது அறுபது இடத்தில் திருத்த வேண்டும். லைன் அத்தனை மட்டம், ஃபைலை இங்கே இழுத்துத் திருத்தி அனுப்புகிற கதையெல்லாம் நடக்காது. டீம் லீடர் என் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பாதி ஹால் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. டைப்பிங் அறையிலிருந்தும் இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள்.

பாதிக்கு மேல் முடித்திருப்பேன், லைன் அறுந்தது. திரை உறைந்துவிட்டது. இத்தனை நேரம் செய்தது எதையும் நான் இன்னும் சேவ் செய்யவில்லை. "போயி" என்றார் டீம் லீடர், எல்லாம் போச்சு என்று எழுந்திருக்கத் தயாராக. நான் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி லைன் போட்டு உள்ளே போய், அதே ஃபைலைத் திறந்தேன். திரை நிறைய எச்சரிக்கை வந்தது. அறுந்துபோன வேலையின் காப்பி ஒன்று கிடக்கிறது, என்ன செய்ய என்று கேட்டது. அந்த எச்சரிக்கையைக் கண்டாலே மற்றவர்கள் பதறி வெளியே ஓடிவிடுவார்கள். ஒன்பது தடவை திறந்து போட்டவளுக்கு அதன் ஒவ்வொரு வரியும் மனப்பாடம். மீட்பதற்கான ஆர் விசையைத் தட்டினேன். எல்லாம் வந்து நின்றது, கடைசி ஒரு திருத்தத்தைத் தவிர. அதையும் போட்டு, மிச்சத்தையும் முடித்து, சேவ் செய்து வெளியே வந்தேன்.

"கொள்ளாம்" என்றார் டீம் லீடர். நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். "இங்கேயே இருந்துக்கோ." நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"சாரே, என் பேரு இப்போவும் டேட்டா என்ட்ரி லிஸ்ட்லதான் இருக்கு."

"அது ஓணம் கழிஞ்ஞு மாற்றாம்."

ஓணம் கழிந்து மாற்றுவதாம். ஓணத்தோடு அந்த லிஸ்டில் இருக்கிற அத்தனை பேரும் வீட்டுக்கு. அவர் வேண்டுமென்றே சொல்லவில்லை, அவருக்கு அது ஒரு சின்ன காகித வேலை. எனக்கு அது சின்னது இல்லை. நான் எழுந்து என் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். ஹெச்.ஆருக்கு மெயில் எழுதும் பக்கத்தைத் திறந்து வைத்தேன்.

"இப்போத்தன்னே எழுதணும் சாரே. ஞான் இவிடெ நிக்காம்."

அக்கா தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். டீம் லீடர் என்னைப் பார்த்தார், வாசலில் நின்ற இரண்டு பேரையும் பார்த்தார், பிறகு உட்கார்ந்தார். இரண்டே விரல். எஸ் எங்கே இருக்கிறது என்று தேடி ஒன்று, ஒய் எங்கே என்று தேடி ஒன்று. என் புது வேலையின் முதல் சொல்லான 'சிஸ்டம்' என்று அடித்து முடிக்கவே ஒரு யுகம் ஆனது. நான் அடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, அவர் கடைசிப் புள்ளி வைத்து அனுப்புகிற வரை அங்கேயே நின்றேன்.